கடாரத்து மணியும் தஞ்சைக் கணக்கும்

கெடா மாநிலத்து மெர்போக் சிற்றூரில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகம் 1980ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. அங்கே காக்கப்பெறும் பொருள்களுள் மிகச் சிறியவை மணிகள். சில கடுகளவின, சில மிளகளவின. சிவப்பு, மஞ்சள், கருமை, வான்நீலம், நீலப்பச்சை எனப் பல நிறத்தின. ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுள் கிடந்தவை அவை. அவற்றை அணிந்த கழுத்து எது, கோத்த கை எது என்று கூற ஓர் ஓலைத் துண்டும் எஞ்சவில்லை. மணி இருக்கிறது, அதன் கணக்கு இல்லை.

கடல் கடந்து தஞ்சைக்குச் சென்றால் நிலைமை நேர்மாறாகத் தோன்றும். இராசராசேச்சரத்தின் சுவர்களில், அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் இறைவனுக்கு அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றும் பெயரும் எடையும் கல்லின் எண்ணிக்கையும் கூறி வெட்டப்பட்டுள்ளன. அந்த அணிகளைத் தேடிச் செல்பவர் அவற்றைக் காண்பதில்லை. கணக்கு இருக்கிறது, அணி இல்லை.

ஓர் அணிகலன் காலத்தைக் கடந்து நிற்க இரண்டு காப்புக்கள் வேண்டும். ஒன்று, பொருளின் இயல்பறிந்து உடலைக் காக்கும் காப்பு. மற்றொன்று, அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றைக் காக்கும் காப்பு. இரண்டில் ஒன்று தவறினும் இழப்பே. இவ்வுண்மையைக் கடாரத்தில் காட்டத் தக்கது ஒரு நிறம்: நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம்.

நிறம் ஒன்று, பொருள் மூன்று

அந்நிறத்துக்குப் பெயர் தந்த கல்லைப் பாரசீகர் பிரூசா என்பர். வட இந்தியர் பிரோசா என்பர். மலாய் மக்கள் பிருஸ் என்று வழங்கி, மோதிரத்தில் பதித்து அணிவர். துருக்கி நாட்டு வணிகர் வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் அங்கே துருக்கிக் கல் என்னும் பொருளில் டர்க்காய்ஸ் எனப் பெயர் பெற்றது. பாரசீகத்து நிஷாப்பூர்ச் சுரங்கங்கள் இதற்குப் பெயர் போனவை. எகிப்தியர் சினாய்த் தீவக்குறையில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே இக்கல்லை வெட்டி எடுத்தனர். தமிழர் போற்றும் நவமணிகளில் இதற்கு இடமில்லை. ஆயினும் கீழை மேலை நாடுகளில் இதனை விரும்பாத மக்கள் அரியர்.

இக்கல்லுக்கு நீலம் தருவது செம்பு. செம்பும் அலுமினியமும் பாசுபரமும் நீரும் கூடி அமைந்த கனிமம் இது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு ஏறுமானால் நீலம் பச்சையை நோக்கிச் சாயும்.

அதே செம்புதான் கண்ணாடி மணிக்கும் நீலப்பச்சை தருகிறது. உலையில் காற்றோட்டம் மிகுந்திருக்கும்பொழுது கண்ணாடிக் குழம்பில் கலந்த செம்பு நீலப்பச்சையாகும்; காற்றை அடக்கி உருக்கினால் செங்கல் நிறச் சிவப்பாகும். ஒரே உலோகத்தைக் கொண்டு, உலையின் மூச்சை அடக்கியும் விட்டும், இருவேறு நிறம் படைத்த தொழிலாளி தன் அறிவை எந்த நூலிலும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது மட்கலத்தின் மெருகு. முடா ஆற்றை ஒட்டிய சுங்கை மாஸ் பகுதியில் மேலை ஆசியாவிலிருந்து வந்த, நீலப்பச்சை மெருகு பூசிய கலங்களின் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே பிரோசாவின் நிறம் கடாரத்து மண்ணில் கண்ணாடியாகவும் மெருகாகவும் கலந்து கிடக்கிறது எனலாம்.

கடாரத்து மண் காத்தவை

கடாரம் தமிழ் மாணவர்க்குப் புதிய பெயரன்று. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பால் முதலாம் இராசேந்திரன் கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றான். கடலில் வரும் மாலுமிக்குத் தொலைவிலேயே தெரியும் ஜெராய் மலை 1217 மீட்டர் உயரமுடையது. மலையைக் குறியாகக் கொண்டு கலங்கள் மெர்போக், முடா ஆற்று முகங்களை அடைந்தன. அங்கே பருவக்காற்று மாறும்வரை வணிகர் தங்கினர்.

இப்பகுதியின் இடிபாடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி கண்டு எழுதினார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாருடன் முறையாக அகழ்ந்து, கண்ட இடங்களுக்கு எண்ணிட்டார். எட்டாம் எண் பெற்றது புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்பது பழங்கோவிலைக் குறிக்கும் மலாய்ச் சொல். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலாஸ்டர் லாம்ப் அக்கோவிலை மீட்டுக் கட்டினார். அப்பணியின்போது கற்பேழைகள் வெளிப்பட்டன. கல்லில் நடுவே ஒரு குழியும் சுற்றிலும் எட்டுக் குழிகளும் குடைந்து, உலோகக் கலமும் மணிகளும் பொன் வெள்ளித் தகடுகளும் இட்டு மூடியிருந்தனர். கோவில் எடுப்போர் அடிநிலத்தில் மணியும் பொன்னும் வைக்கும் கருவைப்பு முறையைச் சிற்ப நூல்களும் ஆகமங்களும் கூறும். அம்முறையின் சான்று கெடா மண்ணிலேயே கிடைத்தது.

அப்பேழையின் அமைப்பில் ஒரு பாடம் உண்டு. மணிகள் ஒன்றோடொன்று உராயாதவாறு தனித்தனிக் குழியில் வைக்கப்பட்டன; மேலே மூடி; சுற்றிலும் கல். வேண்டுதலுக்காகச் செய்த அமைப்பே அரிய காப்பாகவும் ஆயிற்று. இன்று மணிக்கலை அறிந்தோர் கூறும் முதல் விதியும் அதுவே: வன்மை வேறுபட்ட கற்களை ஒரே பெட்டியில் குவிக்கலாகாது.

சுங்கை மாஸில் மணிகளோடு உருகிய கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தமையால், மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். குழம்பிலிருந்து நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கும் முறை அது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அம்முறை பழங்காலத்திலேயே வேரூன்றியிருந்தது. வங்கக் கடலின் இருகரையிலும் ஒரே தொழில்நுட்பம் நிலவியது. அதனைக் கொண்டுவந்த கைகளின் பெயர் மட்டும் தெரியவில்லை.

தஞ்சை வைத்த கணக்கு

பெயர் தெரியாத நிலை தமிழர்க்குப் பொதுவானதன்று. கணக்கு வைப்பதில் சோழர் காலத் தமிழர் எத்துணைக் கருத்துடையோர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் காட்டும். பொன் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணி பதித்த அணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்ணளவு வரை எடை குறிக்கப்பட்டது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. முத்துக்கள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என வகைப்படுத்தப்பட்டன. வைரத்தில் காகவிந்து உண்டா, இரத்தவிந்து உண்டா, கல் வெந்ததா என்பன போன்ற குற்றங்களும் மறையாமல் எழுதப்பட்டன. பதிக்கும் அரக்கின் எடையும் கணக்கை விட்டுத் தப்பவில்லை.

இறைவனுக்கு அளித்த பொருளில் குற்றமுண்டு என்று கல்லில் வெட்டுவது குறைவாகாதா என்று மாணவர் வினவலாம். அங்குதான் காப்பின் நுட்பம் இருக்கிறது. கல்லின் குற்றமே அதன் அடையாளம். நல்ல கல்லை எடுத்துக்கொண்டு தாழ்ந்த கல்லை வைப்பவனைக் காட்டிக் கொடுப்பது அந்தப் பட்டியலே. சிலப்பதிகாரத்தில் சிலம்பின் உள்ளே இருந்த பரல் யாது என்னும் ஒரே வினா ஓர் அரசின் நீதியை நிலைகுலையச் செய்தது. அணியின் உள்ளீடு எழுதப்படாதபொழுது, உண்மை வெளிப்பட அதனை உடைத்துத்தான் காட்ட வேண்டியதாயிற்று.

இக்கணக்கில் கடாரமும் இடம்பெற்றது என்பது மலேசியத் தமிழர் அறிய வேண்டிய செய்தி. நாகப்பட்டினத்துக் காரோணத் திருக்கோவிலில் இராசேந்திரனின் தொடக்க ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஸ்ரீவிசய அரசனின் அதிகாரி, நாகையழகர் என்னும் வெள்ளித் திருமேனிக்கு மணியணிகள் வழங்கியதை அவை கூறும். கிடாரத்து அரசனின் அதிகாரி சீனக் கனகம் வழங்கியதையும் கூறும். சில ஆண்டுகள் கழித்து அதே இராசேந்திரனின் படை கடல் கடந்தது. அவன் மெய்க்கீர்த்தி, மணி இழைத்த வாயிற் கதவுகளைக் கவர்ந்த பொருள்களுள் சேர்த்துப் பாடுகிறது. கொடையாகச் சென்றதும் மணி; கொள்ளையாகச் சென்றதும் மணி. இரண்டும் எழுதப்பட்டமையால் வரலாறாயின.

கல்லின் இயல்பறிந்த காப்பு

கணக்கு எழுதினால் மட்டும் கல் நிலைக்காது. அதன் உடலையும் அறிந்து காக்க வேண்டும். பிரோசாவைப் பேணத் தெரிந்தவர் எந்த மணியையும் பேணுவர். ஏனெனில் அது மென்மையான இயல்புடையது.

வன்மையைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. பிரோசா 5 முதல் 6 வரை. காற்றில் பறக்கும் தூசியில் கலந்துள்ள மணற்பொடி 7. ஆதலின் தூசி படிந்த பிரோசாவை அழுத்தித் துடைப்பதே அதனைக் கீறுவதாகும். முதலில் தூசியை மெல்ல ஊதியோ, மென்தூரிகையால் நீக்கியோ, பின்னரே மென்மையான பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும்.

இக்கல் நுண்துளைகள் உடையது. வியர்வை, எண்ணெய், நறுமண நீர், சவர்க்காரம் ஆகிய அனைத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காலப்போக்கில் நீலம் மங்கிப் பச்சையாவதற்கு இது பெருங்காரணம். எனவே தலைக்கு எண்ணெயும் முகத்துக்கு மாவும் பூசி முடித்தபின் இதனை அணிய வேண்டும். குளிக்கும் முன் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தல் ஆகாது. கல்லின் உடலிலேயே நீர் அடங்கியிருப்பதால் கடுஞ்சூடு அதன் நிறத்தை மாற்றும், வெடிக்கவும் செய்யும். பற்றவைக்கும் வேலை இருந்தால் பொற்கொல்லர் முதலில் கல்லை எடுத்துவிட வேண்டும். இக்காலக் கடைகளில் நகை துலக்கும் நீராவிக் கருவியும் ஒலியதிர்வுக் கருவியும் இக்கல்லுக்கு ஏற்றவையல்ல. இன்று விற்பனைக்கு வருவனவற்றுள் பல மெழுகோ பிசினோ ஏற்றி வலுவூட்டப்பட்டவை. வெண்ணிற ஹவுலைட், மேக்னசைட் கற்களுக்குச் சாயமேற்றிப் பிரோசா என்று விற்பதும் உண்டு. வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கண்ணாடி மணிக்கும் நோயுண்டு. ஈரம் அதன் உப்புக்களைக் கரைத்து இழுக்க, மேற்புறம் வெளுத்துச் செதிலாக உதிரும். காட்சியகங்களில் ஈரப்பதம் ஏறி இறங்காமல் காப்பது இதன் பொருட்டே. மண்ணிலிருந்து எடுத்த மணியைப் பளபளக்க வைக்க வேண்டுமென்று புளியும் அமிலமும் இட்டுத் தேய்ப்பவர், மண் ஆயிரம் ஆண்டு காத்ததை ஒரு நாழிகையில் அழிப்பவராவர்.

தோட்டப்புறத்து நகைப்பெட்டி

கடாரத்து மண்ணுக்குத் தமிழர் இரண்டாம் முறை வந்தது வணிகராக அன்று, தொழிலாளராக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. கண்காணியின் பின்னால் கப்பலேறி வந்த பெண்களின் செல்வம் பெரும்பாலும் அவர்கள் உடம்பிலேயே இருந்தது. தாலி, தோடு, மூக்குத்தி, வசதியுள்ளோர்க்கு அட்டியல், முதியோர் காதில் பாம்படம் அல்லது தண்டட்டி. இருட்டில் பெரட்டுக்கு நின்று, பொழுது விடியும் முன் பால்மரக்காட்டுக்குள் நுழையும் பெண்ணுக்கு நகை அழகுப்பொருள் மட்டுமன்று. அதுவே வங்கி, அதுவே மருத்துவச் செலவு, அதுவே ஊருக்குத் திரும்பும் கப்பற்கூலி.

அந்நகைகள் வியர்வையிலும் பாலிலும் மழையிலும் தோய்ந்தவை. பாலை உறைய வைக்கும் அமிலம் கையாளப்படும் இடங்களில் நின்றவை. திருநாளுக்கு முன்னர்ப் பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரில் அவற்றை இட்டு, தூரிகையால் தேய்த்து எடுப்பது வழக்கம். பொன்னுக்கு அம்முறை மிக நன்று. புளியும் பொன்னின் அழுக்கை நீக்கும். ஆனால் கல் பதித்த அணிக்கு அதே முறை கேடாகும். பின்புறம் மூடிப் பதித்த பழைய அணிகளில் கல்லின் அடியில் அரக்கும் ஒளிவிடும் தகடும் இருக்கும். வெந்நீரில் அரக்கு இளகும். நீர் புகுந்தால் தகடு கறுக்கும். கல் மங்கியதாகத் தோன்றும். முத்து சுண்ணாம்புத் தன்மையது. புளி அதனை அரிக்கும். நீலப்பச்சைக் கல்லோ இரண்டாலும் கெடும். அறியாமையால் அன்று; ஒன்றுக்கு உகந்ததை எல்லாவற்றுக்கும் உகந்ததெனக் கொண்டமையால் பல அணிகள் தம் ஒளி இழந்தன.

முறையற்ற துப்புரவினும் பெரிய கேடு 1941ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. ஜித்ராவில் ஆங்கிலேயர் அரண் உடைந்தபின் கெடா சப்பானியர் வசமாயிற்று. அரிசிக்கும் துணிக்கும் நகைகள் கை மாறின. வாழைமரம் பொறித்த சப்பானியத் தாள்கள் 1945இல் வெறுந்தாளாயின. பொன்னைக் கொடுத்து அத்தாளைப் பெற்றோர் இரண்டையும் இழந்தனர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர் திரும்பவில்லை. அவர்தம் மனைவியர் தாலியைக் கழற்றினர். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விடுதலைப் படைக்குப் பொருள் வேண்டியபோது மலாயாப் பெண்கள் பலர் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றித் தந்தனர். பசிக்காகப் போனது, துயரத்தால் நீங்கியது, விடுதலைக்காகத் தந்தது என மூவகை நகைகளும் உருக்கப்பட்டுப் பொன்னாயின. எந்தத் தோட்டத்தின் எந்தத் தோடு எதற்காகப் போயிற்று என்று எழுதி வைத்தவர் அரியர். தஞ்சைச் சுவர் செய்த பணியை லயத்துச் சுவர் செய்யவில்லை. எழுதக் கற்றோர் குறைவாக இருந்த காலம் அது.

அக்காலத்துக் கணக்கென்று ஓரளவு கூறத் தக்கது அடகுச் சீட்டு ஒன்றே. அதில் பொருளும் எடையும் இருக்கும். பாட்டியின் பெயரோ, அது மணநாளில் யார் பூட்டியது என்பதோ இராது.

அழியும் கணக்கு

2013ஆம் ஆண்டு டிசம்பரில், பூஜாங் பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி நிலம் திருத்தும் பணியில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியாகி நாட்டை அதிர வைத்தது. அவ்விடம் மரபுச் சின்னமாகச் சட்டப்படி அறிவிக்கப்படாமல் தனியார் நிலத்தில் இருந்தது. வேல்ஸ் எண்ணிட்டுக் குறித்த இடம் அது. செங்கற்கள் போயின, அவர் எழுதிய குறிப்பு நின்றது. கணக்கின் அருமை இப்படியும் விளங்கியது.

அகழ்வாய்வில் ஒரு மணியின் மதிப்பு அதன் ஒளியில் இல்லை. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருளோடு கிடைத்தது என்பதில் இருக்கிறது. ஆற்றங்கரையில் பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டுச் செல்லும் மணி அழகாக இருக்கலாம், சான்றாக இராது. 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழ்ந்து இரும்புருக்கிய தடயங்களை வெளிக்கொணர்ந்தனர். ஆய்வாளர் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு எழுதுவது, தஞ்சைக் கணக்கர் செய்த வேலையின் மறுவடிவமே.

அதே இழப்பு வீடுகளிலும் நடைபெறுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின், பழைய நகையை மாற்றிப் புதியது வாங்கும் வழக்கம் பெருகியுள்ளது. கடையில் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டுப் பொன்னை மட்டும் நிறுப்பர். கல்லுக்கு விலை இல்லை. வேலைப்பாட்டுக்கு விலை இல்லை. நினைவுக்கு விலையே இல்லை. விற்கலாகாது என்று விதிக்க எவர்க்கும் உரிமையில்லை. வறுமையும் தேவையும் அவரவர் அறிந்தவை. ஆனால் விற்கும் முன் எழுதி வைப்பதை எந்த வறுமையும் தடுப்பதில்லை.

கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் கடாரத்தைக் கூறும் நாளில், மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழைய அணி ஒன்றைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அணியின் பெயர், எடை, கல்லின் எண்ணிக்கையும் நிறமும், செய்த ஊர், முதலில் அணிந்தவர், அடகுக்குப் போய் மீண்ட ஆண்டு, பழுது, பேணும் முறை ஆகியன அதில் இடம்பெற வேண்டும். படமும் வரைந்து சேர்க்கலாம். குற்றத்தை மறைக்க வேண்டாம். இராசராசன் மறைக்கவில்லை.

அத்தகைய ஏட்டில் ஒரு மாணவி இவ்வாறு எழுதக் கூடும்: கொள்ளுப்பாட்டியின் காதணி, இணையில் ஒன்று மட்டும் உள்ளது, நீலப்பச்சைக் கல் ஏழு, ஒன்று உதிர்ந்துள்ளது, ஒன்று பச்சையாக மாறியுள்ளது, நீரில் இடலாகாது. தஞ்சையில் அணியின்றிக் கணக்கு நின்றது. மெர்போக்கில் கணக்கின்றி மணி நின்றது. அந்தச் சிறுமியின் ஏட்டிலும் பெட்டியிலும் இரண்டும் ஒன்றாக நிற்கும்.